வெயிலுக்கு ஏது தீட்டு?

திருச்செந்தூரில் கடலாடி, நாழிக்கிணற்றில் குளித்தவர்களின் ஈர வேட்டி சேலையெல்லாம் எல்லார் கண்முன்னாலும் காய்கிறது. யாரும் முகம் சுளிப்பதில்லை. வயசுக்கு வந்த பிள்ளையின் மாதவிடாய் உள்ளாடை மட்டும் பாவாடைக்கு அடியில், இருட்டு மூலையில் ஒளிந்து காய வேண்டுமாம்!

துவைத்துத் திரும்பப் போடும் துணி அது. பச்சைத் தண்ணீரில் சிவப்பு போகும்வரை அலசி, சோப்புப் போட்டு, வெயிலில் காயப்போட வேண்டும். சுடுதண்ணீர் கறையைப் பிடிக்க வைக்கும். ஈரம் கிருமியை வளர்க்கும். இதைச் சொல்லித்தர அஞ்சு நிமிஷம் ஆகுமா?

மறைக்கச் சொல்லியே வளர்த்தால் என்ன ஆகும்? 2017 ஆகஸ்டில் பாளையங்கோட்டையில், சீருடைக் கறைக்காக வகுப்பில் அவமானப்படுத்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட 12 வயது மாணவி உயிரை விட்டாள். கேவலம் கறையிலா இருந்தது? பேசிய வாயில்தானே! அம்மாக்களே, அப்பாக்களே, மகளின் துணியை முதலில் வெளிக்கொடியில் போடுங்கள்.