எரிந்த ஏடும் எச்சில் துளியும்

அயர்லாந்தில் கொள்ளுப் பாட்டனாரின் பெயரைத் தேடிப் போகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது ஒரு சாம்பல் மேட்டில்தான். 1922 ஜூன் 30-ந் தேதி, உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த ஜனத்தொகைக் கணக்குகள் பெரும்பாலும் புகையாய்ப் போயின. 1861 முதல் 1891 வரையிலான கணக்குகளோ? அவற்றைச் சர்க்காரே முன்னதாக அழித்துவிட்டிருந்தது! நெருப்பை மட்டும் குறை சொல்வானேன்?

ஆனால், ஒரு வேடிக்கை கேளுங்கள். 1909-ல் எழுபது வயதானவர்களுக்குப் பென்ஷன் கொடுக்க ஆரம்பித்தார்கள். கிழவிகளிடம் பிறப்புச் சீட்டு ஏது? எல்லோருடைய பிறப்பையும் பதியத் தொடங்கியதே 1864-ல்தான். ஆகவே குமாஸ்தாக்கள் 1841, 1851 கணக்குகளைப் புரட்டி, வயதுக்கு அத்தாட்சியாகக் குடும்ப விவரத்தைக் குறித்து வைத்தார்கள். மூல ஏடுகள் எரிந்தன; அந்தத் துண்டுச் சீட்டுகள் பிழைத்தன. வாரம் ஐந்து ஷில்லிங்குக்கு மனுப் போட்ட பாட்டிதான் இன்று பேரன் பேத்திகளுக்குத் தன் தாய் தகப்பன் பெயரைச் சொல்கிறாள்.

டி.என்.ஏ. சோதனை இருக்கிறதே என்கிறீர்களா? எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால், அமெரிக்காவில் இருக்கும் இன்னார் உங்களுக்கு உறவு என்று சொல்லும். எந்தப் பாட்டி வழியில் என்று சொல்லாது. அதற்கு மாதாகோயில் ஞானஸ்நானப் பதிவேடுகளுக்குத்தான் திரும்ப வேண்டும். கத்தோலிக்கப் பதிவேடுகளை 2015-ல் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்துவிட்டது. பாதிரியார்களின் லத்தீன் கிறுக்கலைப் படிக்கத்தான் பொறுமை வேண்டும்!