கேடயத்தில் ஒரு கொழுந்து

கலஹாவில் என் அத்தை வீட்டுச் சுவரில் ஆலயத் திருவிழா அழைப்பிதழ் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அதன் தலைப்பில் ஆயரின் இலச்சினை. நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த அத்தை அதைக் காட்டி, "தம்பி, பேப்பர்ல எழுதுறீங்களே, இந்தத் தொப்பிக்கும் குஞ்சத்துக்கும் என்னா அர்த்தம்?" என்று கேட்டார்.

தெரிந்ததைச் சொன்னேன். முகத்தை மூடிப் போரிட்ட ஐரோப்பிய வீரர்கள், அடையாளத்துக்காகக் கேடயத்தில் சின்னம் தீட்டிக்கொண்ட வழக்கம் 12ஆம் நூற்றாண்டில் தோன்றியது. திருச்சபை அதனை ஏற்றபோது, போர்த் தலைக்கவசம் இருந்த இடத்தில் குருக்களின் தொப்பி வந்தது. ஆயருக்குப் பச்சைத் தொப்பி. பக்கத்துக்கு 6 குஞ்சங்கள். பேராயருக்கு 10. கர்தினாலுக்குச் செந்நிறத் தொப்பியும் 15 குஞ்சங்களும். கேடயத்தின் பின்னே சிலுவை. அடியில் விருதுவாக்கு, பெரும்பாலும் இலத்தீனில்.

அத்தை பொறுமையாகக் கேட்டார். ஆனால் அவருடைய வாழ்க்கையோடு இதற்கு என்ன தொடர்பு என்பதை என்னால் சொல்ல இயலவில்லை. அந்தச் சங்கடமே இக்கட்டுரை.

இலச்சினையே வேண்டாம் என்பது என் வாதமன்று. காலத்துக்கேற்ப அது மாறியே வந்திருக்கிறது. ஆயர்கள் தம் இலச்சினையில் கூர்முடியையும் ஆயர்கோலையும் பொறிப்பதை 1969இல் வத்திக்கான் நிறுத்தியது. 2005இல் பதினாறாம் பெனடிக்ட், திருத்தந்தையரின் மூவடுக்கு மகுடத்தைத் தம் இலச்சினையிலிருந்து நீக்கினார். அதிகாரத்தின் அடையாளங்களைக் களைய முடிந்தவர்களுக்கு, மக்களின் அடையாளங்களைச் சேர்ப்பது கடினமா?

கலஹாவுக்கு அண்மையில்தான் லூல்கந்துர தோட்டம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அந்தத் தேயிலையை வளர்த்தவர்களின் வழிவந்தோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. ஆகவே மலையக ஆயர் ஒருவர் தம் கேடயத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் பொறித்தால், அது வெறும் அழகுக்காக இருத்தலாகாது. கொழுந்து பறிப்பவரின் சம்பளமும், ஒழுகும் லயமும், கைக்கு எட்டாத காணியும் தம் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்த வாக்குறுதி அது. சிங்கமும் புலியும் கொடிகளில் எதிரெதிரே நின்று ஒரு தலைமுறையைக் காவுகொண்ட இத்தீவில், சின்னங்கள் வெறும் படங்கள் அல்ல என்பதை நாம் அறிவோம்.

இலச்சினையே இல்லாத ஒருவரையும் கண்டி மறக்கவில்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர் யோசேப் வாஸ் அடிகளார். 1692இல் கண்டியில் ஒற்றன் என்று சிறைப்பட்டார். பின்னர் அந்நகரை அம்மை நோய் தாக்கியபோது, கைவிடப்பட்ட நோயாளரைத் தொட்டுப் பேணினார். உயர்பதவி தேடி வந்தபோது மறுத்தார். 1711இல் கண்டியிலேயே மறைந்தார். 2015இல் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தவர் திருத்தந்தை பிரான்சிஸ்.

கேடயம் இருக்கட்டும், தொப்பியும் இருக்கட்டும். அடுத்த அழைப்பிதழின் பின்புறத்தில், அவற்றின் பொருளைத் தமிழிலும் சிங்களத்திலும் நான்கு வரிகளில் அச்சிடுங்கள். அத்தை படிக்கட்டும். படித்துவிட்டு, "சொன்னபடி செய்தீர்களா?" என்று ஆயரையே கேட்கட்டும்.