கடை வீடாகும்போது

வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் ஒழுங்கையின் முகப்பில் மூன்று மாடிக் கட்டிடமொன்று பூட்டிக் கிடக்கிறது. கீழே புடைவைக் கடை, நடுமாடியில் தனியார் வகுப்புகள், மேலே களஞ்சியம் என்று ஒருகாலத்தில் கலகலப்பாக இருந்த இடம். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியோடு கடை மூடப்பட்டது. மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. இப்போது அதன் இரும்புக் கதவில் துருவும் பழைய சுவரொட்டிகளுமே மிஞ்சியுள்ளன.

அதனைத் தொடர்மாடி வீடுகளாக மாற்ற உரிமையாளர் எண்ணியிருப்பதாக அண்மையில் அறிந்தோம். ஒழுங்கைவாசிகள் இரண்டுபட்டு நிற்கின்றனர். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டட்டும் என்கின்றனர் சிலர். கடையிலே மனிதர் குடியிருப்பதா என்று முகம் சுளிக்கின்றனர் வேறு சிலர்.

காலி வீதியோரத்தில் வீடுகள் கடைகளாக மாறியதைக் கடந்த பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறோம். விறாந்தையை அடைத்துக் கண்ணாடி போட்டால் கடை ஆயத்தம். மறுதலையாக, கடையை வீடாக்குவது அத்துணை எளிதன்று. கடை பொருள்களுக்காகக் கட்டப்பட்டது. பொருள்களுக்குக் காற்றும் வெளிச்சமும் தேவையில்லை.

எனது நண்பர் ஒருவர் தமது தாயாரை இவ்வாறு மாற்றப்பட்ட கட்டிடமொன்றில் குடியமர்த்தினார். படுக்கையறைக்கு யன்னல் இல்லை. நான் சென்றபோது நண்பகலிலும் மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "தம்பி, வெளியே மழையா வெயிலா?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். யாழ்ப்பாணத்தில் முற்றத்து மாமர நிழலைக் கொண்டே நேரம் சொன்னவர் அவர். அந்தக் கேள்விக்குப் பின் இந்த விடயத்தை வெறும் காணி விவகாரமாக என்னால் பார்க்க முடியவில்லை.

இங்கிலாந்தின் அனுபவம் நமக்கு ஒரு பாடம். வீட்டுத் தட்டுப்பாட்டைத் தணிப்பதற்காக, 2013 இல் அங்கு அலுவலகக் கட்டிடங்களை முழுமையான திட்டமிடல் அனுமதியின்றியே வீடுகளாக்க வழிவிட்டனர். வீடுகள் பெருகின. அவற்றோடு தீப்பெட்டி போன்ற அறைகளும் யன்னலற்ற அறைகளும் பெருகின. கண்டனங்கள் வலுத்த பின்னரே, குடியிருக்கும் அறைகளுக்குப் போதிய இயற்கை வெளிச்சம் வேண்டும் என்ற நிபந்தனை 2020 இல் வந்தது. ஒருவருக்கான வீடாயினும் குறைந்தது 37 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 400 சதுர அடி, இருக்கவேண்டும் என்பது 2021 இல் வந்தது. அதற்குள் குடிபுகுந்தவர்களுக்கு அந்த விதிகளால் என்ன பயன்?

ஆயினும் இடிப்பதை நான் ஆதரிக்கவில்லை. நமது ஒழுங்கையின் அகலம் நமக்குத் தெரியும். இடிப்பதென்றால் மாதக்கணக்கில் தூசியும் லொறிகளும். பின்னர் எழுவது மூன்று மாடியாக இராது. மின்தூக்கியை நம்பியே வாழவேண்டிய உயரமாக இருக்கும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியபோது, உயர்மாடிகளில் முதியவர்கள் சிறைப்பட்டதை மறந்துவிட்டோமா? மூன்று மாடியை மெல்ல மெல்லவேனும் ஏறிவிடலாம். மேலும், கடைத்தளங்கள் பொதுவாக வீட்டுத்தளங்களை விடக் கூடிய பாரத்தைத் தாங்கும்படியே கட்டப்படுகின்றன. பொறியியலாளர் ஒருவர் பரிசோதித்து உறுதிப்படுத்தினால், நிற்கும் எலும்புக்கூட்டை ஏன் வீணாக்கவேண்டும்?

கேட்கவேண்டிய கேள்வி வெளிச்சம் பற்றியது. தரையிலிருந்து யன்னலின் மேல்விளிம்பு வரையான உயரத்தைப் போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தூரமே பகல் வெளிச்சம் பயனுள்ள அளவில் உள்ளே செல்லும் என்பது கட்டிடக் கலைஞர்களின் கைக்கணக்கு. எட்டடி உயரமென்றால் இருபதடி தூரம். நமது கட்டிடமோ அறுபதடி நீளம். முன்னும் பின்னும் மட்டுமே திறப்பு. நடுவில் இருபதடி இருட்டு. அந்த இருட்டையும் அறையென்று விற்றால் இலாபம். அதைத் திறந்து, கூரையிலிருந்து நிலம் வரை ஒரு முற்றமாக்கினால் வீடு. நாற்சார் வீடுகளில் வாழ்ந்த நம்மவர்களுக்கு நடுமுற்றத்தின் அருமையைச் சொல்லவேண்டியதில்லை.

அடுத்தது நீர். மாடிக்கு ஒரு மலசலகூடம் இருந்த இடத்தில் வீட்டுக்கு வீடு குளியலறையும் குசினியும் வரும்போது, பழைய குழாய்கள் தாங்குமா? தாங்காவிடில் கழிவுநீர் ஒழுங்கைக்கே வரும்.

மூன்றாவது உறுதி. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டம், ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உரிமையும், படிக்கட்டு, கூரை போன்ற பொது இடங்களில் பங்கும் பெற வழிசெய்கிறது. அதற்குரிய வரைபடம் முறைப்படி பதியப்பட்டிருக்க வேண்டும். இதனை விசாரியாமல், சமையலறையின் சலவைக்கல்லைப் பார்த்து முற்பணம் கொடுப்போர் நம்மிடையே பலர். கனடாவிலும் இலண்டனிலும் இருந்துகொண்டு பெற்றோருக்காக வாங்குவோர் இதனைக் குறிப்பாகக் கவனிக்கவேண்டும். படத்தில் எல்லா அறையும் வெளிச்சமாகவே இருக்கும். மின்விளக்கை அணைத்துவிட்டு நண்பகலில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

உரிமையாளரைச் சந்திக்க அயலவர் நால்வரோடு நானும் போகவிருக்கிறேன். எதிர்ப்புத் தெரிவிக்க அல்ல. அந்த நடு இருபதடியைக் கேட்க. அதனால் ஒவ்வொரு மாடியிலும் ஓர் அறை அவருக்குக் குறையும். அந்த நட்டத்தை ஏற்க அவர் உடன்பட்டால், எங்கள் ஒழுங்கைக்குப் புதிய அயலவர்களை முதலில் வரவேற்பவன் நானாக இருப்பேன்.