தூக்கிப் போட்டது யாரு?

இந்த இதழின் நடுவில் எட்டுப் பக்கத்துக்குப் படங்கள் வருகின்றன. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டைப் பக்கம் குடியிருக்கிற கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் போனில் எடுத்தவை. ஒரு முகம்கூடக் கிடையாது. வார் அறுந்த செருப்பு, பிடி தேய்ந்த துடைப்பம், மூடியில்லாத டிபன் பாக்ஸ், வெட்டிப் போட்ட கன்டெய்னர் சீல், ரப்பர் கையுறை ஒன்று (ஜோடியில்லை, ஒன்றுதான்). அச்சுக்குப் போவதற்கு முன்பே ஒரு தோழர் சண்டைக்கு வந்துவிட்டார். "சேரி எரியுது, உங்களுக்கு குப்பைய போட்டோ புடிச்சி கலை கேக்குதா?" என்றார். நியாயமான கேள்விதான். தலையங்கத்தை இதற்கே ஒதுக்கிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அந்த வார்த்தையைப் பார்ப்போம். 'தூக்கிப் போட்ட பொருள்', 'கழிவு', 'வீணானது' என்று சொல்கிறோமே, இது யாருடைய சொல்? எறிந்தவனுடைய சொல். எறிந்தவனுக்கு அங்கே கதை முடிந்துவிட்டது. தண்டையார்பேட்டையில் அங்கேதான் கதை தொடங்குகிறது. துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் கிடக்கிற சீல் என்பது இரும்பு. காயலான் கடையில் அதற்கு எடை உண்டு. உடைந்த மரக்கட்டைச் சட்டம் அடுப்புக்கு ஆகும். ஒயரை எரித்தால் செம்பு. அந்தப் புகையைச் சுவாசிப்பவன் யார் என்று கேட்காதவரைக்கும் இதற்குப் 'மறுசுழற்சி' என்று அழகான பெயரும் உண்டு. படம் எடுக்கப் போன பிள்ளை ஒன்றிடம் கோணியோடு நின்ற ஒரு அக்கா கேட்டாராம்: "இது ஒடஞ்சதுன்னு உனக்கு யார் சொன்னா? அடி நல்லாத்தான் கீது பாரு." கழிவு பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளில் பாதியை இந்த ஒரு கேள்வி காலி பண்ணிவிடும்.

நகரத்தின் குப்பை எந்தத் திசைக்குப் போகிறது என்பதும் தற்செயல் இல்லை. மாநகராட்சியின் தண்டையார்பேட்டை மண்டலத்துக்குள்தான் கொடுங்கையூர் குப்பைமேடு இருக்கிறது. நகரம் பல பத்தாண்டுகளாகக் கொட்டிய மலை அது. அதைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உடைந்த பொருளை நமக்கு ஒதுக்கியது நகராட்சி மட்டுமில்லை, சாஸ்திரம். மனுதர்மத்தின் 10ஆம் அத்தியாயம் சண்டாளர் எங்கே வசிக்க வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. பிணத்தின் துணியை உடுத்த வேண்டும், உடைந்த பாத்திரத்தில் உண்ண வேண்டும், நகை என்றால் இரும்பு என்று பட்டியலே போடுகிறது. ஆகவே உடைந்த சட்டி நமக்கு வெறும் பொருளில்லை, அது ஒரு சட்டம். 1927 டிசம்பர் 25 அன்று மகத்தில் அம்பேத்கர் தலைமையில் அந்த நூல் கொளுத்தப்பட்டபோது எரிந்ததில் இந்தப் பாத்திர விதியும் ஒன்று. வேறு எவனுக்காவது உடைந்த பாத்திரத்தில் 'காலத்தின் தடம்' தெரியலாம். எங்க பாட்டிக்கு அதில் டீ ஊற்றிக் கொடுத்தவன் கை தெரிந்தது. அதுவும் பாத்திரத்தைத் தொடாமல், உயரத் தூக்கி ஊற்றிய கை.

உலகத்தில் இந்த வேலையைப் பெரிய கலைஞர்கள் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் இர்விங் பென், ஃபேஷன் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துப் பேர் வாங்கியவர், 1972இல் நியூயார்க் தெருவில் மிதிபட்ட சிகரெட் துண்டுகளைச் சேகரித்து, பிளாட்டினம் அச்சில், பெரிய பெரிய தூண்கள் மாதிரி நிற்கவைத்தார். 1975இல் அங்குள்ள நவீன கலை அருங்காட்சியகத்தில் மாட்டினார்கள். அழகான படங்கள்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் துண்டுகளைத் தினம் கூட்டி அள்ளிய ஆள் அந்தச் சுவரில் இல்லை. பிரேசிலின் விக் மூனிஸ் வேறு வழியில் போனார். ரியோ நகரத்து ஜார்டிம் கிராமாச்சோ குப்பைமேட்டில் பொறுக்கும் தொழிலாளர்களின் உருவங்களை அந்தக் குப்பையைக் கொண்டே, அவர்கள் கையாலேயே பரப்பி, மேலிருந்து படம் எடுத்தார். 'வேஸ்ட் லேண்ட்' என்று 2010இல் ஆவணப்படமும் வந்தது. ஒரு படம் லண்டனில் ஏலம் போய், பணம் தொழிலாளர் சங்கத்துக்கு வந்தது. மேடு 2012இல் மூடப்பட்டது. படம் சுவரில் இருக்கும், வேலை போய்விடும் என்ற கேள்வி அங்கேயும் உண்டு. இருந்தாலும் பென்னைவிட மூனிஸ் நமக்கு ஒரு படி கிட்டத்தில் நிற்கிறார் என்பது என் எண்ணம்.

இன்னொரு வழியும் இருக்கிறது: பொருள் சாட்சி சொல்வது. ஜப்பானில் ஹிரோமி த்சுசிடா என்பவர் ஹிரோஷிமா அருங்காட்சியகத்திலிருந்த பொருள்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். அதில் ஒன்று, குண்டு விழுந்த அன்று இறந்துபோன பள்ளி மாணவியின் டிபன் பாக்ஸ். உள்ளே சோறு கரியாக. வெளிச்சத்தில் வித்தை இல்லை, கோணத்தில் ஜாலம் இல்லை. கீழே அது யாருடையது, எங்கே கிடைத்தது என்கிற குறிப்பு. போதும்.

நம்ம ஊரில் அந்தச் சாட்சி சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. குழிக்குள் இறங்குகிறவன் சட்டையைக் கழற்றி மேலே வைத்துவிட்டு இறங்குவான், செருப்பையும். விஷவாயு தாக்கி உடலை மேலே தூக்கியபின் அந்தச் சட்டை அங்கேயே கிடக்கும். அது 'தூக்கிப் போட்ட பொருளா'? திரும்பி வந்து போட்டுக்கொள்வதற்காக மடித்து வைத்தது. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003இல் உச்ச நீதிமன்றம் போனபோது, எங்கள் மாநிலத்தில் உலர் கழிப்பிடமே கிடையாது என்று அரசுகள் வாக்குமூலம் கொடுத்தன. ஊர் ஊராகப் போய் எடுத்த படங்களும் விவரங்களும்தான் அந்தப் பொய்யை உடைத்தன. 2014 மார்ச் 27 தீர்ப்பு, 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அது 30 லட்சமானது. மதுரைப் பக்கத்தில் மீன் விற்கும் தாயின் மகனான பழனிக்குமார், திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர், இந்த மரணங்களின் வீடுகளுக்குக் கேமராவோடு போனார். அதோடு நிற்காமல் தூய்மைப் பணியாளர் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்தார். இந்த இதழின் பக்கங்களுக்கு முன்னோடி அவர்.

இப்போது எடிட்டிங். படம் எடுப்பதைவிட இங்கேதான் அரசியல் அதிகம் என்பதை இந்த மூன்று மாதத்தில் பார்த்தேன். 2010இல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் ஸ்டெபான் ருதிக் என்பவரின் பரிசை ரத்து செய்தார்கள். ஒரு கையில் துணி சுற்றும் படம். ஓரத்தில் தெரிந்த யாரோ ஒருவரின் கால் நுனியை அவர் கணினியில் அழித்திருந்தார். அவர் நிறைய வெட்டியிருந்தார், கறுப்புவெள்ளை ஆக்கியிருந்தார். அதெல்லாம் விதிப்படி குற்றமில்லை. கால் நுனியை அழித்ததுதான் குற்றம். நமக்கோ வெட்டுவதும் அழிப்பதும் ஒன்றுதான், வெட்டப்படுவது யார் என்பதைப் பொறுத்து. கூகுள் 2021இல் தன் போனில் 'மேஜிக் இரேசர்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. படத்தின் பின்னால் நிற்கும் ஆட்களை அதுவே கண்டுபிடித்து, இதெல்லாம் இடைஞ்சல், அழிக்கட்டுமா என்று வட்டம் போட்டுக் காட்டும். ஊரைவிட்டுத் தள்ளி வைப்பதற்கு இப்போது ஊர்க்கூட்டம் தேவையில்லை, ஒரு விரல் போதும். பிள்ளைகளில் ஒருவன் கொண்டுவந்த துடைப்பம் படத்தில் அப்படித்தான் நடந்திருந்தது: துடைப்பம் மட்டும் சுவரில் சாய்ந்திருக்கிறது, ஓவியம் மாதிரி. அசல் எங்கே என்று கேட்டு வாங்கிப் பார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற அம்மாவின் முழங்காலும் கையும். இந்த இதழில் அசல்தான் வருகிறது.

அதற்காக முகத்தைக் காட்டியே தீருவோம் என்றும் இல்லை. நேதாஜி நகரில் ஒருவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "கைய புடிச்சிக்கோ, மொகத்த புடிக்காத. எம்பொண்ணு காலேஜ் போவுது." பரிதாபத்துக்காக முகத்தை விற்ற வெகுசனப் பத்திரிகைகளை நாம் எத்தனை வருடமாகத் திட்டுகிறோம்! அந்த அம்மாவின் சொல்லே எங்களுக்கு விதி. கேட்காமல் எடுத்த படம் ஒன்றும் இதில் இல்லை. அழுக்கைக் கழுவவில்லை, கூட்டவும் இல்லை. நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்புவெள்ளை ஆக்கவில்லை, ஏனென்றால் மாநகராட்சிக் கையுறையின் அந்த ஆரஞ்சு நிறம் போய்விட்டால் அது எவன் கையுறையோ ஆகிவிடும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பொருள் எது, யார் கடைசியாகப் பயன்படுத்தினார், எடைக்கு எங்கே போகும் என்று மூன்று வரி. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் தனியாருக்குத் தள்ளப்படுவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. 'அப்புறப்படுத்தியது' என்றுதான் செய்தித்தாள்களும் எழுதின. குப்பைக்கும் அதே வினைச்சொல்தானே? கையுறை படத்தைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. கடைசிப் படம் ரசம் போன கண்ணாடித் துண்டு ஒன்று; கால்வாய் ஓரம், அதில் வானம். எடுத்த மாணவி குறிப்பு எழுத மாட்டேன் என்கிறார். "எல்லாத்துக்கும் நாங்க சாட்சி சொல்லிக்கினே இருக்கணுமாண்ணா? அவங்க மட்டும் சும்மா அழகா இருக்குதுன்னு எடுக்கலாம், நாங்க எடுத்தா அதுல வலி இருக்கணும், ஆதாரம் இருக்கணும். எனக்கு புடிச்சிது, எடுத்தேன்." அழகு என்பது யாருடைய சொத்து என்று முப்பது வருடமாக எழுதிக்கொண்டிருக்கும் நாங்களே இந்தக் கேள்விக்கு முன்னால் தடுமாறினோம். என் பக்கம் இதுதான்: குறிப்பு இல்லாத படம் நம் கையைவிட்டுப் போன அடுத்த நிமிடம், இன்னொருவன் சுவரில் அவன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடும். அவர் பக்கம், அந்தப் பயத்திலேயே எத்தனை நாள் படம் எடுப்பது என்பது. ஆசிரியர் குழுவில் ஓட்டுக்கு விட்டோம். நான் தோற்றேன்.

படம் பின் அட்டையில், குறிப்பில்லாமல். அடுத்த இதழில் அவர் தன் தரப்பை எழுதுகிறார். இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். சண்டைக்கு வந்த தோழருக்கும் இரண்டு பக்கம் உண்டு. பதினைந்தாம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும்.