பருத்திக்காட்டின் பங்கு

அமெரிக்கத் தென்மாநிலங்களில் 1912 முதல் 1932 வரை கறுப்பினக் குழந்தைகளுக்காக எழுந்த ஏறத்தாழ 5,000 கிராமப் பள்ளிகள் ரோசன்வால்ட் பெயரில் அறியப்படுகின்றன. சியர்ஸ் நிறுவனத் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்டின் கொடை பெரிது. அதற்கு வழிகாட்டிய கறுப்பினக் கல்வியாளர் புக்கர் வாஷிங்டனின் தொலைநோக்கும் பெரிது. ஆனால் ரோசன்வால்ட் அறக்கட்டளை தந்தது சுமார் 43 லட்சம் டாலர். கறுப்பின மக்கள் திரட்டியது சுமார் 47 லட்சம்!

நிலம் கொடுத்தார்கள், மரம் வெட்டித் தந்தார்கள். பள்ளிக்கென்றே ஒரு துண்டு நிலத்தில் பருத்தி போட்டார்கள். இத்தனைக்கும் அவர்கள் ஏற்கெனவே வரி கட்டியவர்கள். அந்தப் பணம் பெரும்பாலும் வெள்ளையர் பள்ளிக்கே போயிற்று. பள்ளிக்கல்விக்கு இருமுறை கொடுத்தவர்கள் இவர்கள். எஞ்சிய கட்டடங்களைப் புதுப்பிப்போர், பெயர்ப்பலகையில் அந்தந்த ஊராரையும் எழுதட்டும்.