கல்லை அளக்குமுன்

வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும் மிகுந்த ஆர்வத்தோடு பேசும் பொருள்களுள் சமையல் மேடையும் ஒன்று. எந்த நிறக் கல் போடுவது, ஓரத்தை எவ்வாறு உருட்டுவது, சதுர அடி என்ன விலை என்னும் வினாக்கள் நாள்கணக்கில் அலசப்படுகின்றன. கல் பார்த்து வருவதற்குக் குடும்பமே திரண்டு புறப்படுகிறது. ஆனால் அம்மேடையின் முன் நாள்தோறும் நிற்கப் போகிறவரின் உயரம் என்ன என்று பெரும்பாலான இல்லங்களில் எவரும் கேட்பதில்லை. கல்லை அளக்குமுன் ஆளை அளக்க வேண்டும் என்பதையே இம்மாதம் நம் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

நம் பாட்டிமார் தரையில் அமர்ந்து சமைத்தவர்கள். மண் அடுப்பும் கொடியடுப்பும் தரையோடு தரையாக இருந்தன. அம்மியும் அரிவாள்மனையும் அவ்வாறே. நின்றுகொண்டு சமைக்கும் வழக்கம் மண்ணெண்ணெய் அடுப்போடும் எரிவாயு அடுப்போடும் நம்மிடையே பரவியது. இந்தியன் ஆயில் நிறுவனம் தன் இண்டேன் எரிவாயுவை முதன்முதலாகக் கல்கத்தாவில் வழங்கியது 1965-ஆம் ஆண்டில். பின்னர் அது நகரங்களில் பரவிற்று. 2006-க்குப் பின் தமிழக அரசு இலவசமாக அளித்த அடுப்புகளின் வழியாகச் சிற்றூர்க் குடிசைகளுக்கும் சென்றது. உருளையைவிட அடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. ஆகவே எரிவாயு வந்த வீட்டிற்கு மேடையும் வந்தது. அமர்ந்து வேலை செய்தவர் எழுந்து நின்றார். அவர் நிற்கும் உயரத்திற்கு மேடை அமைந்ததா என்பதுதான் கேள்வி.

கொத்தனார் தமக்குப் பழகிய ஓர் அளவில் மேடையைக் கட்டிவிட்டுப் போகிறார். புதுப்பாணிச் சமையலறையின் படங்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களோ 36 அங்குலம் வைக்கச் சொல்கிறார்கள். அது அமெரிக்க இல்லங்களில் வழங்கும் அளவு. அங்குள்ளோர் உயரத்திற்கு ஏற்றது. நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 5 அடியே. அத்தகைய ஒருவர் 36 அங்குல மேடைமேல் அடுப்பை வைத்து, அதன்மேல் குழம்புச் சட்டியை ஏற்றிக் கிளறும்போது, அவருடைய கை தோளுக்கு நிகராக உயர்ந்துவிடுகிறது. கழுத்தும் தோளும் வலிக்கின்றன. கொதிக்கும் பாத்திரத்திற்குள் என்ன இருக்கிறது என்பதையும் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாறாக, மேடை மிகத் தாழ்ந்திருந்தால் இடுப்பு வளைகிறது. நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம் என்று கணக்கிட்டால், ஆண்டொன்றுக்கு ஆயிரம் மணி நேரத்திற்கு மேல் ஆகிறது. ஒருமுறை போட்ட கல்லோ முப்பது ஆண்டுகள் அசையாமல் இருக்கும். அம்மாவுக்கு முதுகுவலி என்று தைலம் வாங்கித் தரும் பிள்ளைகள், அவ்வலி எங்கிருந்து வருகிறது என்று சமையலறைக்குள் சென்று பார்ப்பது நல்லது.

அளப்பது எளிது. அதிக நேரம் சமைப்பவரை, வீட்டில் வழக்கமாக நிற்பது போலவே நிற்கச் சொல்ல வேண்டும். மேற்கை உடலை ஒட்டித் தொங்க, முழங்கையைச் செங்கோணமாக மடக்கட்டும். தரையிலிருந்து முழங்கை வரையிலான உயரத்தை அளந்து, அதிலிருந்து 4 முதல் 6 அங்குலம் வரை கழித்தால் மேடையின் மேற்பரப்பு இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். 5 அடி உயரமுள்ளவருக்கு இது பெரும்பாலும் 32 அங்குலத்தை ஒட்டியே வரும். அடுப்பு தானே 4 அங்குலத்திற்கு மேல் உயரம் உடையது; ஆதலால் இடவசதி இருந்தால், அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் 3 அல்லது 4 அங்குலம் தாழ்த்திக் கட்டலாம். பாத்திரம் கழுவும் தொட்டியின் நிலை வேறு. அங்கே கை தொட்டியின் அடிவரை இறங்குவதால், அதன் விளிம்பு சற்று உயர்ந்திருந்தாலும் தவறில்லை.

மாமியாரும் மருமகளும் ஒரே மேடையில் சமைக்கும் வீட்டில் யாருடைய அளவைக் கொள்வது? தாழ்ந்த மேடையில் உயரமானவர் ஒரு தடித்த மரப்பலகையைப் போட்டு, அதன்மேல் காய் நறுக்கிக்கொள்ளலாம். உயர்ந்த மேடையில் குட்டையானவர் என்ன செய்வார்? முக்காலியின் மேல் ஏறி நின்று தீயின் அருகில் வேலை செய்வார். அது ஆபத்து. ஆகவே ஐயம் எழும்போது தாழ்ந்த அளவையே தேர்ந்துகொள்க. முடிவு செய்யுமுன் ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம்: செங்கல்லை அடுக்கி, அதன்மேல் பலகை போட்டு, எண்ணிய உயரத்தில் பத்து நிமிடம் வெங்காயம் நறுக்கிப் பார்க்கட்டும். உடலே விடை சொல்லிவிடும். இன்னொன்றையும் மறவாதிருக்க வேண்டும். தரைக்கு டைல்ஸ் இனிமேல்தான் ஒட்டப்போகிறார்கள் என்றால், கலவையும் டைல்ஸும் சேர்ந்து 2 அங்குலம் வரை தரையை உயர்த்திவிடும். முடிந்த தரையிலிருந்தே மேடையின் உயரத்தைக் கணக்கிட வேண்டும். மேடைக்கு அடியில், கால்விரல்கள் உள்ளே செல்லும்படி 3 அங்குல இடைவெளி விட்டால், உடல் மேடையோடு ஒட்டி நிற்க முடியும், குனிய வேண்டியிராது.

இனிக் கல்லைப் பற்றிப் பார்ப்போம். கடப்பாக் கல் விலை மலிவானது. பல வீடுகளில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. ஆனால் அது சுண்ணாம்புக்கல் இனம். எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் பட்டுக் கிடந்தால் பளபளப்பு மங்கிவிடும். பளிங்குக்கும் இக்குறை உண்டு. கிரானைட் கடினமானது, புளிப்புக்கு அஞ்சாதது, சூடான பாத்திரத்தையும் தாங்கும். எனினும் கிரானைட் என்று விற்கப்படுவன எல்லாம் ஒரே தன்மையுடையன அல்ல. வெளிர்நிறக் கற்களுட் சில எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சிக் கறைபடும். 'காஷ்மீர் ஒயிட்' என்னும் கல் அத்தகையது. பெயரில் காஷ்மீரம் இருந்தாலும், மதுரைப் பகுதியில் வெட்டியெடுத்த பாறைக்கு வணிகர் இட்ட பெயரே அது.

கடையில் ஒரு சிறு துண்டைக் கேட்டு வாங்கி வந்து இருவகைச் சோதனை செய்யலாம். கல்லின்மேல் சில துளி நீரை விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். அவ்விடம் கருத்திருந்தால் கல் நீரை உறிஞ்சுகிறது. அதற்குக் கறை தடுக்கும் பூச்சு இன்றியமையாதது. எலுமிச்சைச் சாறு விட்ட இடம் நுரைத்தாலோ மங்கினாலோ அக்கல்லில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது என்று பொருள்.

விலை பேசும்போது சதுர அடிக்கணக்கில் கழிவுத்துண்டுகளும் சேருமா, ஓரம் உருட்டுவதற்கு அடிக்கணக்கில் தனிக்கூலியா, தொட்டிக்குத் துளை வெட்டுவதற்கு எவ்வளவு என்பவற்றைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்வது பின்னால் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும். கல் வருமுன் அடித்தளமும் ஆயத்தமாக இருக்க வேண்டும். முக்கால் அங்குலத்தை ஒட்டிய தடிப்புள்ள கிரானைட் சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ எடை உள்ளது. 10 அடி நீளமும் 2 அடி அகலமும் கொண்ட மேடைக்கு அது 100 கிலோ ஆகிறது. அதைத் தாங்கும் சுவர்கள் நேராகவும் சமமாகவும் இருக்கின்றனவா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாகக் காங்கிரீட் பலகை வார்த்திருந்தால், குறைந்தது 7 நாள் நீர் தெளித்து இறுகவிட்ட பின்னரே கல்லை ஏற்றலாம். தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் சுவருக்குள் செல்ல வேண்டிய வேலைகள் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மிக்சி, கிரைண்டர் முதலியவற்றை எங்கெங்கே வைக்கப் போகிறோம் என்று தீர்மானித்து, தொட்டிக்கு அருகில் வராதபடி மின் இணைப்புகளை அமைக்க வேண்டும்.

கல் பதிக்கும் நாளில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தொட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள ஒடுங்கிய பகுதியே எளிதில் உடையும் இடம்; அதற்கு அடியில் தாங்கல் வேண்டும். இரு கற்கள் சேரும் இணைப்பு தொட்டியின் நடுவிலோ அடுப்பின் அடியிலோ வரலாகாது. கல்லின் முன்விளிம்பு அடியிலுள்ள சுவரைவிட ஓர் அங்குலம் வெளியே நீண்டு, அதன் அடிப்புறத்தில் மெல்லிய காடி ஒன்று வெட்டப்பட்டிருந்தால், வழியும் நீர் அலமாரிக்குள் இறங்காமல் அங்கேயே சொட்டிவிடும். கலவை இறுகுமுன் ஒரு செம்பு நீரை மேடைமேல் ஊற்றி, அது எப்பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். தொட்டியை நோக்கி ஓடினால் நன்று. அடுப்பின் பக்கம் தேங்கினால் அப்பொழுதே திருத்தச் சொல்லலாம். மறுநாள் திருத்த இயலாது.

எரிவாயு உருளையை மேடைக்கு அடியில் வைப்போர் அதற்குக் கதவு போட்டு முழுவதும் மூடிவிடுகின்றனர். இந்த எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையை ஒட்டியே தங்கும். ஆகவே கதவின் அடிப்பகுதியில் காற்றுப் போகத் துளைகள் இருக்க வேண்டும். ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மிகாமலும், கல்லின் கூரிய துளை விளிம்பில் உரசாமலும், கண்ணுக்குத் தெரியும்படியும் இருக்கட்டும். 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றுவது அவசியம்.

மேடையின் முன் நிற்பவரைப் பற்றி இவ்வளவும் சொன்னோம். அக்கல்லை வெட்டித் தருகிறவரைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் நம் பேச்சு பாதியிலேயே நின்றுவிடும். கல்லை உலர்ந்த நிலையில் இயந்திரத்தால் அறுக்கும்போது எழும் வெண்புகை போன்ற தூசியில் சிலிக்கா என்னும் பொருளின் நுண்துகள்கள் உள்ளன. அவை நுரையீரலின் ஆழம்வரை சென்று தங்கி, அதைத் தழும்பாக்கி இறுகச் செய்கின்றன. சிலிக்கோசிஸ் எனப்படும் அந்நோய்க்குத் தீர்வு தரும் மருந்து இல்லை. குவார்ட்ஸ் என்ற பெயரில் இன்று விற்கப்படும் செயற்கைக் கல்லில் 90 விழுக்காட்டிற்கும் மேல் இந்தச் சிலிக்கா இருக்கக்கூடும். கிரானைட்டில் அதைவிடக் குறைவு, எனினும் உண்டு. அச்செயற்கைக் கல்லை அறுத்த தொழிலாளர் பலர் இளவயதிலேயே இந்நோய்க்கு ஆளானதைக் கண்ட ஆஸ்திரேலியா, 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அக்கல்லைச் செய்வதையும் விற்பதையும் பதிப்பதையும் தடை செய்துவிட்டது.

நம் ஊரிலோ, அறுப்பவர் ஒரு கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நம் வீட்டு வாசலில் அமர்ந்து வேலை செய்கிறார். கைக்குட்டை அந்நுண்துகளைத் தடுக்காது. நாம் செய்யக்கூடியவை உள்ளன. இயன்றவரை கல்லைப் பட்டறையிலேயே நீர் விட்டு அறுத்துக் கொண்டுவரச் சொல்லலாம். வீட்டில் அறுத்தே ஆகவேண்டுமெனில், திறந்தவெளியில், இயந்திரத்தின் வாயில் இடைவிடாமல் நீர் விழும்படி செய்யச் சொல்லலாம். என்95 வகை முகக்கவசம் வாங்கிக் கொடுக்கலாம். இதனால் அரைநாள் வேலை நீளும், சிறிது கூலி கூடும் என்றால், அதை விலை பேசும்போதே மனமுவந்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஓரத்தை அழகாக உருட்டுவதற்குப் பணம் தருகிற நாம், உருட்டுகிறவரின் மூச்சுக்காகவும் தரக் கடமைப்பட்டவர்கள்.

வேலை நடைபெறும் நாள்களுக்கு வீட்டாரும் ஆயத்தமாக வேண்டும். கிறிஸ்துமஸ் பலகாரம் சுடுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று டிசம்பரில் அவசரப்படுத்துவோர் பலர். மழைக்காலத்தில் கலவை காய்வதும் தாமதம். ஆள் கிடைப்பதும் அருமை. பழைய மேடையை இடித்து, புதியதைக் கட்டி, இறுகவிட்டுக் கல் பதிக்க இரண்டு வாரமாவது தேவைப்படும் என்று எண்ணி, மழைக்கு முன்போ பொங்கலுக்குப் பின்போ தொடங்குவது நலம். காற்றோட்டமுள்ள வேறோர் இடத்தில் தற்காலிக அடுப்பு ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். அரிசி பருப்பு முதலியவற்றை மூடிகளோடு வேறு அறைக்கு மாற்ற வேண்டும். இருமலும் இரைப்பும் உள்ள முதியோரையும் கைக்குழந்தைகளையும் இடிக்கும் நாளன்று உறவினர் வீட்டில் இருக்கச் செய்யலாம். அந்நாள்களில் சமையலின் சுமை முழுவதையும் ஒருவரே தூக்கிச் சுமக்காதபடி ஆண்களும் பிள்ளைகளும் கைகொடுக்கட்டும்.

பதித்து முடிந்தபின் இரண்டு நாள்களாவது மேடைமேல் கனத்த பொருளை வைக்கலாகாது. அதன்பின் சோப்பு கரைத்த நீரும் மென்துணியுமே கல்லைத் துடைக்கப் போதும். கழிவறைக்கு வைத்திருக்கும் ஆசிட்டை மேடையின் பக்கமே கொண்டுவரக் கூடாது. எண்ணெய்க் கறை பட்டால், சமையல் சோடாவை நீரில் குழைத்து அவ்விடத்தில் அப்பி, இரவு முழுவதும் மூடிவைத்துத் துடைத்தால் பெரும்பாலும் மறையும்.

மேடை போட எண்ணியிருக்கும் குடும்பத்தார் கடைக்குப் புறப்படுமுன், ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு முதலில் சமையலறைக்குள் செல்லட்டும். அங்கே நிற்பவரிடம், "உமக்கு எங்கே வலிக்கிறது? எது எட்டவில்லை?" என்று கேட்கட்டும். பல வீடுகளில் அவ்வினா இதுவரை கேட்கப்பட்டதே இல்லை. கேட்டுப் பெற்ற விடையை முதலில் எழுதிக்கொண்டு, கல்லின் நிறத்தை அதன்கீழ் எழுதுங்கள்.