பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிப்பது என்ன?

"உங்கள் பிள்ளை என்ன படிக்கிறான்?" என்று நம்மில் ஒருவரைக் கேட்டால், "மூன்றாவது படிக்கிறான்" என்று பதில் வருகின்றதேயொழிய, அந்த மூன்றாவதில் என்ன படிக்கிறான் என்பது தகப்பனுக்கும் தெரிவதில்லை, தாய்க்கும் தெரிவதில்லை. எத்தனை மார்க்கு வாங்கினான் என்பது ஒன்றே கவலையாயிருக்கின்றது. பள்ளிக்கூடத்தில் அதிக நாள் இருந்திராத நமக்கு இதைத் தெரிந்துகொள்ள வெகுநாளாய் ஆசை. ஆதலால் சில காலத்துக்கு முன் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்திற்குச் சென்று, அனுமதி பெற்று, மூன்றாம் வகுப்பின் பின்வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம்.

முதலில் கண்டது சந்தோஷமே. நமது காலத்தில் பிரம்பும் மனப்பாடமுமே படிப்பாயிருந்தன. 2022-ம் வருஷம் நமது சர்க்கார் துவக்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்குத் தக்கபடி பாட்டாலும் கதையாலும் விளையாட்டாலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அன்று உபாத்தியாயினி அம்மாள் கரும்பலகையை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, "இந்த ஈரம் எங்கே போகும்?" என்று கேட்டார். வெயில் குடித்துவிடும் என்றான் ஒருவன். காற்று கொண்டுபோகும் என்றான் இன்னொருவன். ஒரு சிறு பெண் எழுந்து, "ஃபேனை நிறுத்தினா மெதுவாத்தான் காயும் டீச்சர்" என்றாள். உடனே மறுபடி நனைத்து, மின்விசிறியை நிறுத்தி, வகுப்பு முழுவதும் சத்தமாய் எண்ணிப் பார்த்தது. அந்தப் பெண் சொன்னதே சரியாயிருந்தது.

நிற்க. அடுத்த பக்கத்தில் மனித உடலின் படம் இருந்தது. கால் எதற்கு, கை எதற்கு என்று பாடம் நடக்கையில், முன்வரிசையில் ஒரு கால் சூம்பிய பையனைக் காட்டி, "அவனுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று ஒருவன் கேட்டுவிட்டான். சற்றுமுன் ஃபேனை நிறுத்தச் சொன்ன அதே பெண், "அவன் போன ஜென்மத்துல பாவம் பண்ணியிருக்கான், எங்க ஆயா சொன்னாங்க" என்றாள். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். உபாத்தியாயினி நம்மை ஒருதரம் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

அந்த அம்மாள் கெட்டவரல்ல. ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைகளும் ஒரு பாடம் படித்துவிட்டார்கள். பலகை காய்வதற்குக் காரணம் தேடலாம், மனிதன் படும் கஷ்டத்திற்குக் காரணம் தேடக்கூடாது என்பதே அந்தப் பாடம். அது புத்தகத்தில் அச்சிடப்படவில்லை. ஆனால் அதுதான் சாகும்வரை மறக்காது.

பாவத்தால் கால் சூம்புகின்றதா என்பதை நாம் ஏன் எண்ணிப் பார்க்கக்கூடாது? ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இளம்பிள்ளை வாதத்தால் கால் போன குழந்தைகள் இருந்தார்கள். 2011-ம் வருஷம் ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாய்ப் பரவும் கிருமியால் அந்த வியாதி ஒரு குழந்தைக்கும் வரவில்லை. 2014-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இந்த தேசத்தில் அது ஒழிந்தது என்று அத்தாட்சி கொடுத்துவிட்டது. 2011-க்குப் பிறகு பிறந்த குழந்தைகள் எல்லாம் போன ஜென்மத்தில் புண்ணியவான்களா? அல்லது வாயில் விட்ட இரண்டு சொட்டு மருந்து வேலை செய்ததா? பாவக் கணக்கு வைத்திருப்பவர்கள் பதில் சொல்லட்டும்.

ஒரு குழந்தையின் பேச்சுக்கு இவ்வளவு விசாரமா என்று சிலர் கேட்கலாம். அந்தக் குழந்தைகள் ஐந்தாவது முடித்துப் போய்ச் சேருகின்ற பெரிய பள்ளியில் என்ன நடந்தது? 2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில், தியாகராய நகருக்கு அடுத்த அசோக் நகரில், அரசாங்கப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒரு பிரசங்கியாரைக் கூட்டிவந்து பேசவைத்தார்கள். அவர் ஏழ்மைக்கும் அங்கக் குறைக்கும் முன்ஜென்ம பாவமே காரணம் என்று மாணவிகளிடம் உபதேசித்தார். அங்கே பக்கத்தைத் திருப்பாத ஒரு உபாத்தியாயர் இருந்தார். பார்வையற்ற அந்தத் தமிழாசிரியர் எழுந்து, பள்ளிக்கூடத்தில் இப்படிப் பேசலாமா என்று நேருக்கு நேர் ஆட்சேபித்தார். பிறகு பிரசங்கியார் கைதானதும், கல்வி மந்திரி அந்தப் பள்ளிக்கே வந்து ஆசிரியரைப் பாராட்டியதும் எல்லோரும் அறிந்த சங்கதி. ஆனால் அவரைப் பள்ளிக்குள் அழைத்த புத்தி எங்கே படித்த புத்தி என்பதே நமது கேள்வி.

பிறப்பின் பலன் என்று சொல்லி ஏழைப் பிள்ளையை ஒதுக்கும் புத்தியோடு இந்தச் சென்னை வெகுநாள் போராடியிருக்கின்றது. 1894-ல் அடையாற்றில் கர்னல் ஆல்காட், தீண்டாதார் என்று தள்ளப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி வைத்தார். அவர் மறுபிறவியை நம்பிய தியசாபிகாரர். அந்தக் கொள்கை நமக்கு உடன்பாடல்ல. ஆனால் அவர்கூட அந்தப் பிள்ளைகளை "உன் கர்மம், அனுபவி" என்று விட்டுவிடாமல் எழுத்தையும் கணக்கையும் கொடுத்தார். 1920-ல் சர் பிட்டி தியாகராயர் நகரசபைத் தலைவராயிருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் தலைக்கு ஒரு அணாவுக்கு மேற்படாமல் பகலுணவு கொடுக்கத் தீர்மானித்தார்கள். பிறகு அது இன்னும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. அந்த ஐந்து பள்ளிகளில் 1922-23-ல் 811 ஆயிருந்த பிள்ளைகள் 1924-25-ல் 1671 ஆனார்கள். அதுவரை பள்ளிக்கு வராததற்குக் காரணம் தலைவிதியா, பசியா?

அந்தத் தியாகராயர் பேரால் விளங்கும் நகரிலேயே பசுல்லா ரோட்டில் குடியிருந்த ஆச்சாரியார், 1953-ல் முதல் மந்திரியாயிருந்து, கிராமத்து ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பு நாளொன்றுக்கு மூன்று மணி போதும், மீதி நேரம் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். இருக்கிற கட்டடத்தில் அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று காரணம் சொன்னார்கள். நாடு ஒப்பவில்லை. 1954-ல் அவருக்குப் பின் வந்த காமராசர், அதே நகரில் திருமலைப் பிள்ளை ரோட்டில் வாழ்ந்தவர், அதை எடுத்துவிட்டார்.

இப்போது அந்தத் திட்டத்தைக் கொண்டுவர எந்த மந்திரியும் உத்தரவு போட வேண்டியதில்லை. பிள்ளையை நாள் முழுவதும் பள்ளியில் வைத்துக்கொண்டே, "நீ இப்படி இருப்பது முன்ஜென்ம பலன்" என்று நம்பவைத்துவிட்டால் போதும். அவன் தானாகவே தகப்பன் இருந்த இடத்திற்குப் போய் நின்றுகொள்வான். சர்க்கார் பணத்தால் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாதென்று அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு சொல்லுகின்றது. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976-ல் சேர்த்த பிரிவும் சொல்லுகின்றது. ஆனால் பக்கத்தைத் திருப்பிவிடும் கையைச் சட்டம் பிடித்து நிறுத்தாது.

உபாத்தியாயர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பெண்ணுக்கு முன்ஜென்மத்தைச் சொல்லிக் கொடுத்தது வீடல்லவா? கூட்டத்தில் கைதட்டிவிட்டு வீட்டிலே வாய் மூடியிருக்கும் தோழர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆகவே, இன்று இரவு மார்க்கு கேட்பதற்குப் பதிலாக, "இன்று வகுப்பில் என்ன கேள்வி கேட்டாய்? அதற்கு என்ன பதில் சொன்னார்கள்?" என்று உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். பதில் சரியில்லையானால் மறுநாள் நீங்களே பள்ளிக்குப் போய் மரியாதையாய் விசாரியுங்கள். தலைகுனிந்து உட்கார்ந்த அந்தப் பையனுக்கு ஒரு பதில் பாக்கியிருக்கின்றது. அது அவன் நான்காவது போவதற்குள் போய்ச் சேரவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.